சயனைடு மலைத் தூசியும் சிவப்பு மாருதியும்

ஆடிக் காற்று தங்கவயலுக்கு எதைக் கொண்டு வரும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொடியில் காயும் வேட்டி, திண்ணையில் வைத்த தண்ணீர்க் குடம், சன்னல் கம்பி என்று எல்லாவற்றின் மீதும் சயனைடு மலையின் மாவு போன்ற தூசி வந்து உட்கார்ந்துவிடும். சாம்பியன் ரீஃப், உரிகம், மாரிக்குப்பம் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது பழகிப்போன விருந்தாளி. ஆனால் இந்த விருந்தாளி நம் வீட்டு வாசலில் நிற்கும் காரின் வர்ணத்தை என்ன பாடுபடுத்துகிறது என்பதைப் பலரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஒரு காலத்தில் தங்கவயலில் கார் என்றால் வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களா வாசலில்தான். இன்று ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் தெருவுக்கு நாலைந்து நிற்கின்றன. பெங்களூரில் வேலை பார்த்துச் சம்பாதித்த பணத்தில் வாங்கியவை பல. பழைய காராகவே வாங்கியவை அதைவிடப் பல. அவற்றில் பாதிக்கு மேல் கொட்டகை கிடையாது. லைன் வீடுகளில் ஆள் படுக்கவே இடம் போதாது, காருக்கு எங்கே போவது? வெயிலும் மழையும் தூசியும் பட்டு, நாலைந்து வருடத்தில் வண்டி மங்கிப் போகிறது. பிறகு டிங்கரிங் பட்டறைக்குப் போனால், "முழு பெயின்ட் அடிச்சிடலாம் சார்" என்பதுதான் முதல் பேச்சாக இருக்கிறது.

முழு வர்ணம் அடிப்பது எல்லா வண்டிக்கும் தேவையில்லை. கம்பெனியில் அடித்த வர்ணம் உயர்ந்த வெப்பத்தில் அடுப்பில் வேகவைக்கப்பட்டது. தெருவோரப் பட்டறையில் அதே உறுதி வருவது கடினம். இருக்கிற வர்ணத்தையே மீட்டுக் கொடுக்கும் ஒரு கருவி இப்போது சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டும் விலையில் வந்திருக்கிறது. டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் என்பது அதன் பெயர். இரட்டை இயக்க மெருகு இயந்திரம் என்று வைத்துக்கொள்ளலாம். அதை வீட்டிலேயே எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் இந்தக் கட்டுரை. ஊரில் ஆயிரம் பிரச்சினை இருக்கக் கார் மினுக்குவதுதான் முக்கியமா என்று கேட்கும் அன்பர்கள் கடைசிப் பகுதி வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தூசியின் சாதி

நம் ஊர்த் தூசி சாதாரண மண் தூசி அல்ல. தங்கம் இங்கே குவார்ட்ஸ் என்னும் வெள்ளைக்கல் நரம்புகளில் ஓடியது. அந்தக் கல்லை வெட்டி மேலே கொண்டுவந்து மில்லில் மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைக் கரைத்து எடுத்தார்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1887-இல் கண்டுபிடிக்கப்பட்ட முறை இது. தங்கம் போக மிஞ்சிய மாவைக் கொட்டிக் கொட்டித்தான் மலை வளர்ந்தது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி கால் வைத்தது முதல், 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது வரை ஊர் அரைத்த கல்லின் மிச்சம் பதின்மூன்று மேடுகளாக நிற்கிறது.

குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவுகோலில் 7. சன்னல் கண்ணாடியும் எஃகுக் கத்தியும் ஐந்தரையைச் சுற்றித்தான். கண்ணாடியையே கீறக்கூடிய பொடி காரின் மேல் படிந்திருக்கிறது என்று பொருள். காரின் மேல் பூச்சோ ஒருவகைப் பிளாஸ்டிக்தான். காலையில் வண்டியை எடுக்கும் முன் மஞ்சள் துணியாலோ, இறகுத் துடைப்பத்தாலோ "சும்மா ஒரு தட்டு தட்டி" உலர்ந்தபடியே துடைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அது அந்த வர்ணத்தின் மேல் உப்புத்தாள் போடுவதற்குச் சமம். தூசி தானாக வந்து உட்கார்ந்தால் கீறல் விழாது. நாம் தேய்ப்பதால்தான் விழுகிறது.

தெருவிளக்கின் கீழே இரவில் வண்டியை நிறுத்திப் பாருங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போல வட்டவட்டமாக மெல்லிய கோடுகள் தெரியும். உண்மையில் அவை வட்டமானவை அல்ல. எல்லாத் திசையிலும் தாறுமாறாக ஓடும் கீறல்கள். ஒளிக்குக் குறுக்கே இருப்பவை மட்டும் மின்னுவதால் வட்டம் போலத் தோன்றுகின்றன. இந்த ஆயிரக்கணக்கான கீறல்கள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் கறுப்பு வண்டி சாம்பல் நிறமாகவும் சிவப்பு வண்டி வெளிறியும் தெரிகின்றன.

இதோடு தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. ஆயிரம் அடிக்கும் கீழே போய் எடுக்கிற கோலார் மாவட்டத்து போர்வெல் தண்ணீரின் உப்பைப் பற்றி நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் போதும், பருப்பு வேகாத கதையிலிருந்து ஆரம்பிப்பார்கள். அந்தத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் சொட்டு சொட்டாக வெள்ளை வளையம் நிற்கும். புதிய கறை என்றால் வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து ஒற்றி எடுத்து உடனே கழுவிவிட்டால் போய்விடும். நாள்பட்டது வர்ணத்தைத் தின்று பள்ளம் போட்டிருக்கும். அதற்கு மெருகுதான் வழி.

ஆட்டுக்கல்லும் மாவரைக்கும் எந்திரமும்

கட்டிங் பாலிஷ் பட்டறைகளில் பல வருடமாகப் பயன்படுவது ரோட்டரி பஃபிங் மெஷின். அது பாட்டி வீட்டுக் கல் எந்திரம் மாதிரி. நடுவில் ஒரு முளை, அதைச் சுற்றி மேல்கல் ஒரே அச்சில் சுழலும். வேகமும் அதிகம், வெட்டும் அதிகம். ஆனால் ஒரே இடத்தில் ஒரு நொடி கூடுதலாக நின்றால் சூடேறி வர்ணம் வெந்துவிடும். கதவின் விளிம்பில் பட்டால் அடி வர்ணம் வரை போய்விடும். கை தேர்ந்தவர்களிடம் அது அற்புதமான கருவி. தேராதவர்கள் கையில் பட்ட வண்டியை வெயிலில் பார்த்தால் வில்வில்லாக வளைந்த நிழல்கள் தெரியும்.

இரட்டை இயக்க இயந்திரம் ஆட்டுக்கல் குழவி மாதிரி. ஆட்டுக்கல்லில் குழவி குழியைச் சுற்றி வருகிறது. அப்படி வரும்போதே தன்னைத்தானேயும் சுற்றிக்கொள்கிறது. இந்த இயந்திரத்திலும் அச்சு நடுவிலிருந்து சற்று விலகி இருக்கிறது. 8 மில்லிமீட்டர், 15, 21 என்று விதவிதமான வட்ட அகலத்தில் வருகின்றன. பேடைத் தாங்கும் தட்டு அந்த விலகிய அச்சில் தளர்வாகத் தொங்குகிறது. எனவே ஒரே புள்ளி ஒரே பாதையில் இரண்டு முறை போவதில்லை. சூடு ஓரிடத்தில் சேர்வதில்லை. இன்னொரு நன்மையும் உண்டு. அளவுக்கு மீறி அழுத்தினால் தட்டு சுற்றுவதையே நிறுத்திவிட்டு வெறுமனே அதிரும். வண்டி தப்பித்தது! புதிதாகக் கற்பவர்களுக்கு இது ஒன்றே பெரிய காப்பு.

வர்ணம் எவ்வளவு ஆழம்?

நம் ஊர்க்காரருக்கு ஆழத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. காரின் வர்ணத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் மொத்த ஆழம் 100 முதல் 150 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதில் கீழே துரு தடுக்கும் பூச்சும் பிரைமரும், நடுவில் நிறம், மேலே நிறமற்ற க்ளியர் கோட். அந்த மேல் பூச்சு சுமார் 40, 50 மைக்ரான்தான். தலைமுடியின் தடிமன்கூட அதைவிட அதிகம்.

மெருகு போடும்போது கீறல் நிரம்புவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள பரப்பை நுண்ணிய அலுமினியம் ஆக்சைடு பொடியால் கீறலின் அடிமட்டம் வரை இறக்குகிறோம். அதாவது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெட்டி எடுக்கிறோம். வெட்டியது வராது. அதனால்தான் வருடத்துக்கு இரண்டு தடவை கட்டிங் பாலிஷ் போடுவதைப் பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. மேல் பூச்சு மெலிந்துபோனால் சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்க ஆளில்லை. பிறகு கூரையிலும் பானெட்டிலும் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரியும். அப்படி உரிந்துவிட்ட வண்டிக்கு எந்த மெருகும் உதவாது, பெயின்டரிடம்தான் போகவேண்டும். அதேபோல, நகத்தால் தடவினால் நகம் மாட்டுகிற கீறல் இந்த வேலைக்கு அப்பாற்பட்டது. அதை மங்கலாக்கலாம், அழிக்க முயலக்கூடாது.

கே.ஏ.08 சிவப்பு மாருதி

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர் இருக்கிறார். சுரங்கம் மூடியபின் கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு அவர் வாங்கியது ஒரு பழைய மாருதி 800, சிவப்பு நிறம். மகள் பிரசவத்துக்குப் போனதும், மனைவியை டயாலிசிஸுக்கு அழைத்துக்கொண்டு போனதும் அந்த வண்டியில்தான். இப்போது பெங்களூரில் இருக்கும் மகன், "இதப் போட்டுட்டு வேற வாங்கலாம்ப்பா" என்கிறார். பெரியவருக்கு மனமில்லை. இஞ்சின் நன்றாக இருக்கிறது, துரு அதிகமில்லை. ஆனால் சிவப்பு போய் பானெட்டும் கூரையும் கை வைத்தால் சுண்ணாம்பு ஒட்டுகிற வெளிர் ரோஸ் நிறமாகிவிட்டன. "பாக்கறதுக்கே குப்பை வண்டி மாதிரி இருக்குது தம்பி, அதான் பையன் சொல்றான்" என்றார். சென்ற தை மாதத்தில் நாலு காலைகள் அதனுடன் கழிந்தன. அந்த வேலையை வைத்தே முறையைச் சொல்கிறேன்.

தை, மாசி நல்ல காலம், காற்று அடங்கியிருக்கும். ஆடியில் தொடவே கூடாது. விடியற்காலையில், புங்க மரத்து நிழலில், சுற்றிலும் தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கிவிட்டு ஆரம்பித்தோம். தகடு தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும்.

முதல் காலை முழுவதும் கழுவலிலேயே போயிற்று. பெரியவருக்குப் பொறுமை இல்லை, "மிஷினை எப்பப்பா எடுப்ப?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் இந்த ஊரில் பாதி வேலை இதுதான். முதலில் எதையும் தொடாமல் தண்ணீரை மட்டும் நிறைய ஊற்றித் தூசியை ஓடவிட வேண்டும். பிறகு இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு, மற்றொன்றில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு பகுதியைத் துடைத்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்புவில் முக்க வேண்டும். அலசும் வாளியின் அடியில் சாம்பல் நிற மணல் அரை விரல் உயரம் தங்கியதைப் பார்த்தபிறகு பெரியவர் அவசரப்படுத்தவில்லை.

கழுவியபின் மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு வர்ணத்தைத் தடவிப் பார்த்தால் சொரசொரப்பு பளிச்சென்று தெரியும். வர்ணத்தில் பதிந்துவிட்ட துகள்கள் அவை. க்ளே பார் என்ற களிமண் கட்டியை, சோப்புத் தண்ணீர் விட்டு அழுத்தாமல் இழைத்தால் அவற்றைப் பிடுங்கிக்கொள்ளும். கட்டி கீழே விழுந்தால் எடுத்துத் தட்டிவிட்டு மறுபடி போடாதீர்கள், தூக்கி எறியுங்கள். நம் தரையில் விழுந்த களிமண் களிமண்ணல்ல, உப்புத்தாள்.

பிறகு ரப்பர் பீடிங், கறுப்பு பிளாஸ்டிக், எம்பளம், கதவு விளிம்புகள் ஆகியவற்றில் பெயின்டர்கள் ஒட்டுகிற காகித டேப் ஒட்டினோம்.

அடுத்து ஒரு சிறிய சோதனை. மறைவான இடத்தில் வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் வைத்துக் கையால் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் மேலே க்ளியர் கோட் இல்லாத பழைய வகை வர்ணம். அம்பாசடர், பத்மினி, பழைய மாருதி போன்றவற்றில் இது அதிகம். இந்த வண்டியும் அதுவே. துணி குங்குமம் கொட்டியது போலாயிற்று. பயப்பட வேண்டாம், வருவது செத்துப்போன மேல் வர்ணம். ஆனால் பேட் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பிரஷ்ஷால் சுத்தம் செய்ய வேண்டும்.

எந்த பாலிஷ், எந்த பேட் என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே வாங்காமல், இருப்பதில் மென்மையானதை முதலில் ஒரு சதுர அடியில் சோதிக்க வேண்டும். போதவில்லை என்றால்தான் அடுத்த காரத்துக்குப் போகலாம். எங்களுக்கு பானெட்டுக்குக் கார காம்பவுண்டும் கடின ஃபோம் பேடும் தேவைப்பட்டன. கதவுகளுக்கு மென்மையான பாலிஷே போதுமானதாக இருந்தது.

செய்முறை இதுதான். பேடில் பட்டாணி அளவில் நாலைந்து சொட்டு. இயந்திரத்தை ஓட்டாமலே இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் ஒற்றிப் பரப்பி, பிறகு குறைந்த வேகத்தில் தடவி, ஆறு வேகம் உள்ள இயந்திரத்தில் நாலு அல்லது ஐந்துக்கு ஏற்ற வேண்டும். கை நகரும் வேகம் நொடிக்கு ஓர் அங்குலம். இது கேட்க எளிது, செய்யும்போது எல்லோருடைய கையும் ஓடும். இடமிருந்து வலமாக ஒரு சுற்று, மேலிருந்து கீழாக ஒரு சுற்று, ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மூடும்படி நாலு முதல் ஆறு தடவை. இயந்திரத்தின் எடையோடு கொஞ்சம் கையழுத்தம் போதும். தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது கோடு சுற்றுகிறதா என்று கண்ணுக்குத் தெரியும். சுற்றவில்லை என்றால் அழுத்தம் அதிகம், அல்லது பேட் சாய்ந்திருக்கிறது. விளிம்புகளிலும் உடல் கோடுகளிலும் வர்ணம் மெல்லியதாக இருக்கும், அங்கே அழுத்தவே வேண்டாம்.

சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தால் போதாது. சில பாலிஷ்களில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி ஏமாற்றும். நாலு தடவை கழுவியதும் எல்லாம் திரும்பி வரும். பட்டறைக் கட்டிங் பாலிஷ் ஒரே மாதத்தில் "இறங்கிப் போவதன்" ரகசியம் பல சமயம் இதுதான். தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்தால் எண்ணெய் போய் உண்மை தெரியும்.

கார காம்பவுண்ட் போட்ட இடங்களில் மென்மையான பேடும் நுண் பாலிஷும் கொண்டு இன்னொரு சுற்று. கடைசியாக மெழுகு அல்லது சீலன்ட், மெல்லிய பூச்சாக. மெழுகு என்றால் பிரேசில் நாட்டுப் பனை ஓலையிலிருந்து வரும் கார்னூபா நல்லது. நம் வெயிலுக்குச் சில வாரம், சில மாதம் தாங்கும். சீலன்ட் அதைவிடக் கூடுதலாக நிற்கும்.

இரண்டாம் நாள் பானெட்டின் நடுவில் டேப் ஒட்டி ஒரு பாதியை முடித்ததும் பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு பக்கம் ரோஸ், ஒரு பக்கம் ரத்தச் சிவப்பு. அவர் எதுவும் சொல்லவில்லை. உள்ளே போய், பக்கத்து வீட்டுக்காரரையும் அவர் பேரனையும் அழைத்து வந்தார். மூன்றாம் நாள் இயந்திரம் அவர் கையில் இருந்தது. சுரங்கத்தில் டிரில் பிடித்த கை. அதிர்வு அவருக்குப் புதிதல்ல. அழுத்தாமல் பிடிப்பதுதான் புதிது.

கூரையில் வர்ணமே தேய்ந்து பிரைமர் தெரிந்த ஓரிடத்தை விட்டுவிட்டோம். அது அப்படியே இருக்கிறது.

உயிருக்கும் உடம்புக்கும்

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் அன்போடு கொண்டுவந்து தரும் அமெரிக்க இயந்திரங்கள் 110 வோல்ட்டில் ஓடுபவை. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைதான் வரும். முதலில் அடிச்சீட்டைப் படியுங்கள். பழைய லைன் வீடுகளின் வயரிங் நாற்பது ஐம்பது வருடத்துக்கு முந்தையது, எர்த் இருக்கிறதா என்பதே சந்தேகம். ஈரத்தரையில் நின்று செய்யும் வேலை என்பதால் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி உள்ள இணைப்பில் மட்டுமே செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரைத் தோள் மேல் போட்டுக்கொண்டால் வண்டியில் உராயாது, ஈரத்திலும் கிடக்காது.

முகமூடி கட்டாயம். காய்ந்த பாலிஷ் பொடியும் நம் மலைத் தூசியும் சேர்ந்து பறக்கும். கல் தூசி நுரையீரலில் தங்கினால் என்ன ஆகும் என்று சிலிகோசிஸில் தந்தையையோ தாத்தாவையோ இழந்த வீடுகள் இந்த ஊரில் எத்தனை! கார் மினுங்குவதற்காக அந்தத் தூசியை இன்னொரு தலைமுறை சுவாசிக்க வேண்டாம். கைக்குட்டை கட்டிக்கொள்வது போதாது, என்-95 வகை முகமூடி வேண்டும். பெரியவர் முதலில் மறுத்தார். "உள்ளயே போட்டதில்ல, இங்க எதுக்கு?" என்றார். உள்ளே போடாததால்தான் இங்கே போட வேண்டும் என்று அவர் மனைவி சொன்னபிறகு கட்டிக்கொண்டார்.

இனி, பொறுத்திருந்த அன்பர்களுக்கு. ஓரளவு நல்ல இயந்திரம் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு வீட்டுக்கு அது வருடத்தில் இரண்டு நாள் வேலை. மற்ற நாளெல்லாம் அட்டைப் பெட்டியில் தூங்கும். ஒரு தெருவில் நாலு குடும்பம் சேர்ந்து வாங்கலாம். பேடும் துணியும் மட்டும் அவரவர்க்குத் தனி. நம் சங்கத்தின் சார்பிலேயே ஒன்று வாங்கி, தச்சு ஏணி, சமையல் பாத்திரம் போல அங்கத்தினர்களுக்கு இரவல் தரலாம் என்பது என் யோசனை, செயற்குழு கவனிக்கட்டும்.

அதைவிட முக்கியமானது வேறு. விடியலில் மாரிக்குப்பம் ரயிலேறி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் போய், இரவு திரும்பும் நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தூக்கம் ரயிலில், பிள்ளைகளைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமையில். பெங்களூரில் கார் டீட்டெய்லிங் கடைகள் பெருகியிருக்கின்றன. அங்கே இதே இயந்திரத்தைப் பிடித்துச் சம்பளத்துக்கு வேலை செய்யும் பையன்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு. ஒரு இயந்திரம், ஒரு மின் இணைப்பு, நிழல், தண்ணீர் இருந்தால் அந்த வேலையை ராபர்ட்சன்பேட்டையிலேயே வைத்துக்கொள்ளலாம். பெரிய முதல் தேவையில்லை. பெரியவரின் பக்கத்து வீட்டுப் பேரன் இப்போது ஞாயிறுதோறும் இரண்டு வண்டி செய்கிறான். ரயிலை விடுகிற அளவுக்கு இன்னும் வரவில்லை. அதை நாமும் பெரிதுபடுத்த வேண்டாம். வரும் வண்டிகளில் மேல் பூச்சு உரிந்ததைப் பார்த்து, "இது ஆகாதுங்கண்ணே, பெயின்டர்கிட்ட போங்க" என்று திருப்பி அனுப்பவும் கற்றுக்கொண்டான். அவனிடம் எனக்குப் பிடித்தது அதுதான்.

மெருகு போட்டபின் மறுபடி மஞ்சள் துணியை எடுத்தால் ஆறே மாதத்தில் பழைய கதை. தூசி படிந்தால் படிந்தபடி ஓட்டுங்கள், வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். தண்ணீர்ப் பஞ்சம் என்றால், கழுவ வேண்டாத ரின்ஸ்லெஸ் வாஷ் என்ற திரவம் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு மூடி கலந்தால் முழு வண்டிக்கும் போதும். அதிலும் முதலில் தெளித்து ஊறவிட்டு, பிறகுதான் துணி. துணியைப் பலமடியாக மடித்து, ஒரு மடி அழுக்கானதும் அடுத்த மடிக்கு மாற்றுங்கள். பேடுகளை வேலை முடிந்த அன்றே சோப்புப் போட்டு அலசிப் பிழிந்து, நிழலில் காயவைத்து, இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். சன்னலோரம் வேண்டாம், ஆடி வந்துவிடும்.